பொந்துக் காடு

முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள்: மர மில் முதலாளி, முன்வரிசை நாற்காலியில், வாயில் பல்குத்தும் குச்சியோடு. அவருக்குப் பின்னால் மில்லில் வாள் பிடிக்கிற ஆட்கள், குளித்துத் தலைவாரி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி. ரேஞ்சர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. விறகு பொறுக்கும் பெண்கள் ஒரு கும்பலாக, நடுவில் எழுந்து போக வசதியாக வாசலை ஒட்டி. டீக்கடைக்காரர், கெட்டிலோடு, அவர் வந்தது கூட்டத்துக்கா வியாபாரத்துக்கா என்று அவருக்கே தெரியாது. மரம் ஏற்றும் லாரியின் டிரைவர். அவன் தங்கச்சி, தேனீப் பெட்டி வைத்திருப்பதால் ஊரே பெட்டிக்காரி என்று கூப்பிடுகிறவள். அவள் புருஷன், வெட்ட வேண்டிய மரத்துக்குக் குறி போடுகிற குறிக்காரன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், கூடவே மிஷின் தூக்கிவந்த இரண்டு பேர். யாரும் கூப்பிடாமல் வந்து மேசைக்கடியில் படுத்துக்கொண்ட ஒரு நாய்.

"யாரப் பத்திப் பேசப் போறோமோ அதுங்களுக்கு மட்டும் சொல்லி விடலையே," என்றான் டிரைவர், ஜன்னல் வழியாகச் சரிவைக் காட்டி. "ஒரு மரமாவது வந்து உக்காந்திருக்க வேணாமா?"

கூட்டம் நடந்தது மில்லின் பழைய உலர்த்தும் கொட்டகையில். அங்கே பலகை அடுக்குவதை நிறுத்தி ரொம்ப காலமாகியும் உள்ளே போனால் பச்சை மரம் காய்கிற வாசனைதான். தரையைக் கூட்டியிருந்தார்கள். ஆனாலும் கால் வைத்த இடமெல்லாம் மரத்தூள் பொதுபொதுவென்று அமுங்கியது. நடுவில் மேசைகளை ஒட்டிப் போட்டு, அதன்மேல் போர்வை அளவுக்கு ஒரு வரைபடம் விரித்திருந்தார்கள். ஊர், ஓடை, ரோடு, மில், கீழ்ச்சரிவு, மேல்ச்சரிவு எல்லாம் அதில் இருந்தன. அவரவர் வீட்டுக் கூரை தெரிகிறதா என்று ஆளாளுக்கு விரலை வைத்துத் தேடினார்கள். தெரிந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். தெரியாதவர்கள் படத்தில் தப்பு இருக்கிறது என்றார்கள்.

வெளியூர்ப் பெண் சின்னவள். குரல் மட்டும் பெரிசு. ஊர் அவளுக்கு மேப்புக்காரம்மா என்று அன்றே பேர் வைத்துவிட்டது.

"இந்தக் காடு உங்க பேரப்பிள்ளைங்க காலத்துல எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கப் போறோம்," என்றாள். "வெட்டினா எப்படி, விட்டா எப்படி, நட்டா எப்படின்னு பல மாதிரி. எங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் வச்சுப் போட்டா அது எங்க காடாத்தான் இருக்கும். அதனால உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்க சொல்லணும். உங்க பேச்சுதான் அதுக்குச் சாப்பாடு."

"அப்ப அதுக்கு வயித்தால போகப் போகுது," என்றான் டிரைவர்.

கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்தாள். குறிக்காரனுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. பின்னால் அதை நினைத்து அவன் பட்ட பாடு வேறு கதை.

ஒருத்தர் சொல்வதைப் பார்த்து இன்னொருத்தர் சொல்லக் கூடாது என்று ஆட்களைப் பிரித்து உட்கார வைத்தாள். முதலாளியும் மில்லும் ஒரு மூலை, பெண்கள் ஒரு மூலை, லாரிக்காரர்கள் ஒரு மூலை. ஒவ்வொரு கும்பலாக மேசைக்கு வந்து குண்டூசி குத்த வேண்டும். நல்ல வைரம் பாய்ந்த மரம் நிற்கிற இடத்தில் பச்சைத் தலை ஊசி, சுமாரான இடத்தில் மஞ்சள், உளுத்த காட்டில் சிவப்பு.

மேல்ச்சரிவைப் பற்றி வெளியாள் யார் கேட்டாலும் அந்த ஊரில் ஒரே பதில்தான். "அதுவா? அது பொந்துக் காடு." பாட்டன் காலத்தில் யாரோ ஒரு காண்ட்ராக்டர் அந்தச் சரிவை மொத்தமாக விலை பேச வந்தானாம். அப்போது குறி போட்டுக்கொண்டிருந்த ஆள் அவனை ஓடைப் பாதை வழியாகக் கூட்டிப்போய், பழைய காட்டுத்தீ உள்ளே புகுந்து தின்ற நாலைந்து மரத்தைச் சுத்தியலால் தட்டிக் காட்டினானாம். டொம் டொம் என்று கேட்டதும் வந்தவன் அப்படியே திரும்பிவிட்டான். அன்றிலிருந்து அது பொந்துக் காடு. பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிக்கொள்ளும். உண்மை என்னவென்றால் அந்த ஓடைப் பாதையைத் தவிர மேல்ச்சரிவு முழுக்க கோடாலி பட்டால் கோடாலியே தெறிக்கிற கெட்டி மரம். அந்த மலையிலேயே அப்படி வேறு இல்லை.

பெண்கள் சிவப்பு குத்தினார்கள். லாரிக்காரர்கள் சிவப்பு குத்தினார்கள். யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. பேசி வைத்திருந்தால் எவனாவது உளறியிருப்பான்.

பெட்டிக்காரி முறை வந்தபோது அவள் கையில் பச்சை ஊசி இருந்தது. மேல்ச்சரிவில்தான் அவள் பெட்டிகள் இருந்தன. மழை விட்டதும் அங்கே கிழட்டு மரங்கள் வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூவின் தேன் கறுப்பாக, லேசான கசப்போடு இருக்கும். மகளை நர்ஸ் படிக்க வைத்தது அந்தக் கசப்புத்தான். அவள் ஊசியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் இமையைத் தாழ்த்திக் காட்டினான். பச்சையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சிவப்பை எடுத்துக் குத்தினாள்.

கடைசியாக முதலாளி வந்தார். பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"நானே சொல்றேன் தாயி. மேல தட்டினா எல்லாம் காலி டப்பா மாதிரி பேசும். விறகுக்கு வேணா ஆகும்."

ஊரே அவரைப் பார்த்து உருகிப் போனது. வீட்டுக்கு வரும் வழியில் டிரைவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். "என்ன சொல்லு மாப்ள, ஆயிரம் இருந்தாலும் மொதலாளி நம்ம ஆளு. விட்டுக் குடுக்கலையே."

"தனித்தனியா உக்கார வச்சும் எல்லாரும் ஒரே மாதிரி சொன்ன ஊரை நான் பாத்ததே இல்ல," என்று மேப்புக்காரம்மா சொல்லியிருந்தாள். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவள் வாய்ப்பேச்சை மட்டும் நம்புகிற ஆள் இல்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றாள். யாரை அழைத்துப் போவது என்றபோது ரேஞ்சர் குறிக்காரனைக் காட்டினார். வன இலாகாவுக்கு மரம் குறிப்பது அவன் வேலை. எந்த மரம் விழ வேண்டும் என்று இலாகா சொல்கிறதோ அதில் பட்டையைச் செதுக்கி, முகத்தில் எழுத்து வெட்டிய சுத்தியலால் ஓங்கி அடிப்பான். அடிமரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. மரம் போன பிறகும் அடிக்குறி கட்டையில் நிற்கும். எவனாவது கணக்கில்லாத மரத்தை வெட்டினால் கட்டை காட்டிக்கொடுத்துவிடும். அவன் அப்பனுக்கும் அதே வேலை. சுத்தியலின் மறுபக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே ஈரமா, கீறலா, பொந்தா என்று சொல்லிவிடுவான்.

அன்று தூறிக்கொண்டிருந்தது. அவளை ஓடைப் பாதையில் கூட்டிப்போனான். வேறு வழியும் இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

"இருக்கு. மழைல மண்ணு சரியும். உங்களுக்குக் கஷ்டம்."

அவள் கையில் ஒரு மிஷின் இருந்தது. முனையில் ஊசி மாதிரி மெல்லிய கம்பி. மரத்துக்குள் போய்விட்டு வந்தால் உள்ளே கெட்டியா வெறுமையா என்று கோடு போட்டுக் காட்டும். தீ தின்ற மரங்களை அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். தட்டிக் காட்டினான். ஊசி உள்ளே போய் அந்தரத்தில் சுற்றியது. நடுவில் இரண்டு நல்ல மரம் வந்தபோது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அதைத் தாண்டினான். அவள் வழுக்கியபோது தன் கைத்தடியைக் கொடுத்தான். பாறைக்கடியில் ஒதுங்கி நின்றபோது அவள் தன் ரொட்டியைப் பிய்த்துப் பாதியைக் கொடுத்தாள்.

"உங்களை மாதிரி ஒருத்தர் கூட வந்தது எங்க அதிர்ஷ்டம் அண்ணா."

"சாப்பிடுங்க, நனையுது," என்றான்.

இறங்கி வந்தபோது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ரோட்டோரம் முதல் வீடு அவனுடையது. பெட்டிக்காரி அந்தப் பெண்ணை அடுப்புப் பக்கம் உட்கார வைத்துத் தலை துவட்டத் துணி கொடுத்தாள். அவித்த உருளைக்கிழங்கை உப்புப் போட்டுத் தட்டில் வைத்தாள். டீயில் சர்க்கரைக்குப் பதில் தேன் விட்டாள்.

மேப்புக்காரம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை இறக்கினாள். "இது என்ன தேன் அக்கா? கசக்குது. நல்லா இருக்கு."

"வெள்ளப்பூத் தேன்."

"வயசான மரத்துலதான அந்தப் பூ கொட்டிப் பூக்கும்? நல்லா இருக்கற மரத்துல. நான் படிச்சிருக்கேன். எங்க இருக்கு அந்த மரமெல்லாம்?"

கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்த பெட்டிக்காரியின் கை நின்றது. அடுப்பில் ஒரு விறகு சரிந்து விழுந்தது. அவள் அவனைப் பார்த்தாள். சொல்லுங்க என்கிற பார்வை.

"கீழ்ச்சரிவுல ஓரமா கொஞ்சம் இருக்கு," என்றான் குறிக்காரன். "அங்கிருந்து எடுத்துட்டு வரும். தேனீ என்ன, அதுக்குக் காலா வலிக்கப் போகுது."

அவள் தலையாட்டிவிட்டு மிச்ச டீயைக் குடித்தாள். போகும்போது சரிபார்த்த தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பெட்டிக்காரி ஒரு பாட்டில் தேனைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

ஜீப் சத்தம் மறைந்ததும் அவள் சொன்னாள். "ஏங்க, அது நல்ல பொண்ணுங்க."

"கெட்ட பொண்ணுன்னு யாரு சொன்னா?"

"அதுகிட்டயாவது சொல்லியிருக்கலாம். அது வெட்ட வந்த ஆளு மாதிரி தெரியல. என்ன இருக்குன்னு கேக்க வந்திருக்கு."

"இன்னைக்கு அது கேக்கும். நாளைக்கு அதோட தாளை வேற எவனோ படிப்பான். நல்ல மரம் இருக்குன்னு எழுதிக் குடுத்தா அது அழைப்பிதழ். உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. பெட்டிதான் தெரியும்." தட்டுகளை எடுத்து அடுக்கினாள். "பொந்துன்னு சொன்னதும் விட்டுட்டுப் போனான் ஒருத்தன். பொந்துதான, தள்ளிட்டு வேற நடலாம்னு இன்னொருத்தன் நெனச்சா?"

அவனுக்கு அது சிரிப்பாக வந்தது. உளுத்த காட்டை எவனாவது சீந்துவானா? அவன் வெளியே போய், வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த இரண்டு பெட்டியை விரல் முட்டியால் தட்டினான். அவர்கள் வீட்டு வழக்கம் அது. அவன் தட்டிச் சொன்னால்தான் அவள் பெட்டியைத் திறப்பாள். புகை போட்டு, மூடியைக் கிளப்பி, ஈக்களைக் கலைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது. ஒரு தடவைகூட அவன் சொன்னது தப்பியதில்லை.

"எடதுபக்கம் ரொம்பிருச்சு. மத்தது இன்னும் ஆகணும்," என்று குரல் கொடுத்தான்.

அவள் புகைச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் இறுகித்தான் இருந்தது. ஆனால் இடதுபக்கப் பெட்டியைத்தான் திறந்தாள்.

இரண்டாவது கூட்டம் வெயில் ஏறத் தொடங்கிய காலத்தில் நடந்தது. அதே கொட்டகை, அதே நாற்காலிகள். நாய் இல்லை, லாரியில் அடிபட்டுச் செத்துப் போயிருந்தது. சுவரில் வெள்ளைத் துணி கட்டி மேப்புக்காரம்மா படம் காட்டினாள். ஊர்ச் சரிவுகள் ஒவ்வொரு நிறமாக மாறின. வெட்டாமல் விட்டால் இப்படி. நட்டால் இப்படி. மழை குறைந்தால் இப்படி. வருஷங்கள் துணிமேல் மடமடவென்று ஓடின. கீழ்ச்சரிவு எந்தப் படத்திலும் பச்சையாகவே இருந்தது. மேல்ச்சரிவு எல்லாப் படத்திலும் சிவப்பாகவே இருந்தது.

"இந்தச் சிவப்பு எங்களுக்குமே கவலையா இருந்துச்சு," என்றாள் அவள். "அதனால பல தடவை போட்டுப் பாத்தோம். உள்ள பொந்தா இருக்கற கிழட்டுக் காடு. காத்துக்கு விழும், தீப்பிடிச்சா நிக்காது, அது சரிஞ்சா ஓடையும் ரோடும் போயிரும். எந்த வழியில போனாலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு, சீக்கிரம் வளர்ற மரம் நடறதுதான் நல்லதுன்னு வருது. நீங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னதால அந்த இடத்துல சந்தேகமே இல்லாமப் போச்சு."

டீக்கடைக்காரர் ஊற்றிக்கொண்டிருந்த டீ டம்ளரை மீறி வழிந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவரவர் பொய்யை அடுத்தவர் வந்து எடுத்துவிடுவார் என்று ஒவ்வொருத்தரும் காத்திருந்த மாதிரி இருந்தது.

"இன்னும் முடிவாகல," என்றாள் அவள். "யாராவது மாத்திச் சொல்லணும்னா இப்பச் சொல்லலாம். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

பெட்டிக்காரி எழுந்தாள். கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக்கமில்லாதவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே நின்றாள்.

"அது பொந்து இல்லம்மா. ஓடைப் பாதை மட்டுந்தான் பொந்து. மத்தது அத்தனையும் கெட்டி மரம். என் தேன் அங்கிருந்துதான் வருது. அன்னைக்கு நீங்க கேட்டீங்க, நான் வாயத் தொறக்கல. என் தப்பு."

மேப்புக்காரம்மா முகம் மாறியது. ரேஞ்சர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தம்மா ஒண்ணு சொல்லுது. ஊரு ஒண்ணு சொல்லிச்சு. இதுக்குக் குறி போடறவனே சொல்லட்டும். நீதானய்யா கூடப் போய்ப் பாத்துக் கையெழுத்துப் போட்ட? சொல்லு. பொந்தா, கெட்டியா?"

குறிக்காரன் எழுந்து நின்றான். முன்வரிசையில் முதலாளி திரும்பி அவனைப் பார்த்தார். பல்குச்சி வாயின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்ந்தது. கெட்டி என்று சொன்னால் அது தாளில் ஏறும், எவன் கண்ணிலாவது படும். பட்டால் அடுத்த வாரம் வாள் ஏறும். பொந்து என்றால் துணியில் தெரிகிற சிவப்பு. துணியில் தெரிந்தது எதுவும் அந்த ஊரில் தரைக்கு வந்ததாக அவன் பார்த்ததில்லை. பாலம் வரும் என்று காட்டினார்கள், வரவில்லை. ஆஸ்பத்திரி வரும் என்று காட்டினார்கள், வரவில்லை. அப்படித்தான் இதுவும் என்று நினைத்தான். இப்படியெல்லாம் நினைத்தது உண்மை. கையெழுத்தும் ஞாபகம் வந்தது, அதுவும் உண்மை. பொய்ச் சாட்சி சொன்ன குறிக்காரனிடம் இலாகா சுத்தியலைத் திரும்பக் கேட்கும். சுத்தியல் போனால் அவன் யார்?

பெட்டிக்காரி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெட்டியைத் தட்டிவிட்டு அவன் சொல்லப் போவதற்குக் காத்திருக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

"பொந்துதான்," என்றான்.

பின்வரிசையில் எவனோ, "பெட்டிக்காரிக்குத் தேன் தலைக்கேறிருச்சு," என்றான். நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் செத்தது. அவள் உட்காரவில்லை. நேராக வாசலைப் பார்த்து நடந்தாள். விறகு பொறுக்கும் பெண்கள் காலை ஒடுக்கி வழி விட்டார்கள். அதில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. அவர்களும் சிவப்பு குத்தியவர்கள்தான்.

மேப்புக்காரம்மா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறவள் மாதிரி இருந்தது. அப்புறம் குனிந்து மிஷினை அணைத்தாள்.

அவன் வீடு வந்து சேர்ந்தபோது பெட்டிக்காரி கொல்லைப் பக்கம் பெட்டிகளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் அவன் வழக்கம்போலப் பெட்டிமேல் கையைக் கொண்டுபோனான்.

"இனிமே என் பெட்டியத் தட்டாதீங்க," என்றாள் அவள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"ஏய், நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு—"

"தெரியும். நீங்க சொன்ன ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கும். நான் தொறந்தே பாத்துக்கறேன்."

அதன்பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மகள் போனில் கேட்டால், "அப்பா நல்லா இருக்காங்க," என்றாள். அவன் வெளியிலிருந்து வரும்போது ஈக்கள் கலைந்து இரைகிற சத்தம் கேட்கும். அவள் புகைச்சட்டியோடு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கையெல்லாம் கொட்டு வாங்கித் தடித்திருக்கும். காலியான பெட்டியையும் திறக்க வேண்டி வந்தது.

துணியில் தெரிந்த சிவப்பு மழைக்கு முன்னால் தரைக்கு வந்தது. செய்தியைக் கொண்டுவந்தவன் டிரைவர். லாரியை ரோட்டில் அணைக்காமல் விட்டுவிட்டு உள்ளே வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

"காண்ட்ராக்ட் யாருக்குத் தெரியுமா மாப்ள? மொதலாளிக்கு. எந்த வெலைக்குத் தெரியுமா? வெறகு வெலைக்கு. பொந்துக் காடுல்ல, அதுக்கு அதான் வெலை."

குறிக்காரன் ரோட்டில் நின்ற லாரியைப் பார்த்தான்.

"நாம பொந்துன்னு சொன்னோம். அவரும் பொந்துன்னாரு. நாம எதுக்குச் சொன்னோம், அவரு எதுக்குச் சொன்னாரு? நான் வேற அன்னைக்கு நம்ம ஆளு நம்ம ஆளுன்னு வழியெல்லாம் பாடிட்டு வந்தேன், எருமை." சொம்பைக் கீழே வைத்தான். "ஏத்தப் போறதும் நான்தான். வண்டித் தவணை நிக்கலையே."

"அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டா என்ன மச்சான்?"

"போட்டேனே. கெட்டி மரம்மா, தப்பாச் சொல்லிட்டோம்னேன். அழுதுருமோன்னு இருந்துச்சு. 'அண்ணே, அன்னைக்கு அந்த அக்கா எந்திரிச்சப்ப நீங்கள்லாம் எங்க இருந்தீங்க'ன்னு கேட்டுச்சு. குறிக்காரர் எழுதிக் குடுத்தா மேல அனுப்பறேன், கேக்கறாங்களான்னு பாக்கலாம்னுச்சு."

வாசற்கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த பெட்டிக்காரி தலையைத் தூக்கவில்லை. அவள் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் எண்ணெயைக் கோழி இறகில் தொட்டுத் தொட்டுச் சாவித் துவாரத்தில் விட்டாள். அந்தப் பூட்டைப் பூட்டி ரொம்ப காலம் ஆகியிருந்தது. ரோட்டோர வீடு, ஆனாலும் பகலில் சாத்தக்கூட மாட்டார்கள், ராத்திரிக்குத் தாழ்ப்பாள் போதும். பெரிய சாவி ஆணியில் தொங்கும். அதன்மேல் அவன் மழைக்கோட்டை மாட்டி வைப்பான். இப்போதாவது இதைச் சரிபண்ணத் தோன்றியதே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எழுதிக் கொடுக்கலாம் என்று இரண்டு நாள் நினைத்தான். பேனாவைக் கையில் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ரேஞ்சரின் ஆள் வந்து பெயின்ட் டப்பாவையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். மேல்ச்சரிவு, மேற்கு ஓரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மேற்கு ஓரத்தில்தான் பெட்டிகள் இருந்தன.

அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டப்பாவைப் பார்த்ததும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, பொழுது சாயும் நேரமாகப் பார்த்து மேலே போனாள். ஈக்கள் அடைந்த பிறகு வாயை அடைத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து கொல்லையில் வரிசையாக வைத்தார்கள். அவன் தூக்கப் போனபோது, "இருக்கட்டும்," என்றாள்.

"இவ்ளோ பக்கத்துல கொண்டாந்து வச்சா எப்படி நிக்கும்?" என்று கேட்டான் டிரைவர்.

"நிக்காது. விடிஞ்சதும் பழைய எடத்துக்குத்தான் போகும். பெட்டி இல்லாத எடத்துல சுத்திச் சுத்தி நிக்கும். கொஞ்சம் செத்துப் போகும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "மிச்சத்தையாவது காப்பாத்தலாம்னு பாக்கறேன்."

மறுநாள் காலை தூறல் விழுந்தது. அவன் எழுந்தபோது டீ போட்டு மூடி வைத்திருந்தாள். பக்கத்தில் இரண்டு ரொட்டி, ஒரு முட்டை. அவன் நின்றபடியே குடித்தான். தேன் இல்லை, சர்க்கரைதான். பையில் செதுக்குக் கோடாலியையும் பெயின்ட் டப்பாவையும் வைத்தான். சுத்தியலை இடுப்பில் செருகினான்.

அவள் அடுப்படியிலிருந்து வந்து நடுவீட்டில் நின்றாள்.

"போகாதீங்க."

பெட்டியைத் தட்டாதீங்க என்று சொன்ன பிறகு அவளாக முதலில் பேசியது அன்றுதான்.

"நான் போகலன்னா மரம் நின்னுருமா? நாளைக்கே வேற ஆள அனுப்புவான்."

"அனுப்பட்டும். வேற ஆளு கையா இருக்கும்."

"சுத்தியலப் புடுங்கிருவாங்கடி."

"குடுத்துருங்க. எனக்குப் பெட்டி இருக்கற வரைக்கும் உங்களுக்குச் சோறு இருக்கு. பெட்டி போனாலும் கை இருக்கு." அவன் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு இன்னும் கேக்கத் தயாராத்தான் இருக்கு. ஒரு வரி. கெட்டின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கேக்கறாங்க, கேக்கல, அது அப்புறம்."

"எழுதினா ஊரே பொய் சொன்ன ஊருன்னு ஆகும். கீழ்ச்சரிவ விட்டுரலாம்னு பச்சை போட்டுக் குடுத்தாங்களே, அதையும் நம்ப மாட்டான். எல்லாம் போகும். யோசிச்சுத்தான் பேசறேன்."

"ஆமா. நல்லாத்தான் யோசிக்கறீங்க." அவள் குரல் தணிந்துவிட்டது. "ஒண்ணு செய்யுங்க. மேல போனதும் மொத மரத்தத் தட்டிப் பாருங்க. பாட்டன் காலத்துலேர்ந்து அதக் காப்பாத்தினது இந்தச் சுத்தியல்தான்னு சொல்வீங்கல்ல. தட்டுங்க. அது என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு அப்புறம் அடிங்க. ஒவ்வொரு மரத்துலயும் தட்டிட்டு அடிங்க."

அவனுக்குச் சொல்ல ஒன்று இருந்த மாதிரிதான் இருந்தது. அது வாய்க்கு வரும்போது தூறல் பெரிசாகுமோ, பாதை வழுக்குமோ, ரேஞ்சரின் ஆள் காத்திருப்பானோ என்று வேறு வேறாக மாறிவிட்டது. ஆணியில் மழைக்கோட்டைத் தேடினான். கோட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தது. ஆணியில் ஒன்றும் இல்லை, சாவியும் இல்லை. அதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டான்.

வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். கொல்லைப் பக்கமிருந்து ஈக்கள் கலைந்து கலைந்து எழும்பும் சத்தம் வந்தது. தூறலையும் மீறி, ஒன்றிரண்டாகக் கூரையைத் தாண்டி மேல்ச்சரிவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அவனும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

படியிறங்கி ரோட்டுக்கு வந்தான். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பகலில் அந்தக் கதவு சாத்தி அவன் கேட்டதில்லை. நின்றான். எண்ணெய் போட்டிருந்ததால் பூட்டு முரண்டு பிடிக்கவில்லை. சாவி ஒருமுறை திரும்பியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு முறை திரும்பியது.